வம்சாவழியில் இல்லாத சித்தப்பா

எங்கள் வீட்டு ஆண்களின் பெயர்களை நினைத்தாலே எனக்கு எரிச்சல் வரும். மூத்த மகனுக்குத் தகப்பனின் தகப்பன் பெயரை வைக்க வேண்டும் என்பது எங்கள் ஊர்க் கத்தோலிக்கரின் வழக்கம். முதற்பெயர் ஒரு புனிதருடையது, பின்பெயர் தகப்பனுடையது. ஆகவே அப்பப்பாவின் முழுப்பெயரும் பேரனின் முழுப்பெயரும் அச்சடித்ததுபோல் ஒன்றாகவே இருக்கும். புனிதர்களுக்கு அப்படி என்ன பஞ்சமோ தெரியவில்லை.

அப்பா மொன்றியலில் இறந்தபோது இந்தப் பெயர்ச் சிக்கலை அவிழ்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. முப்பத்தோராம் நாள் பூசைக்கு நினைவு மலர் அடிக்க வேண்டும், அதில் வம்சாவழி போட வேண்டும் என்றார் அண்ணை. யுத்த நிறுத்தக் காலத்தில் ஊருக்குப் போனபோது எங்கள் பங்குக் கோயிலின் பழைய பதிவேடுகளைப் படியெடுத்து வந்திருந்தார். பியர்பொன்ட்ஸ் பகுதியில் இருந்த அண்ணையின் வீட்டுப் பேஸ்மென்டில் அந்தக் கட்டு பிரிக்கப்படாமலே கிடந்தது. நான் அதைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி நோத்ர-டாம்-த-கிரேஸில் உள்ள என் அப்பார்ட்மென்டுக்கு வந்தேன்.

அதற்கு முன்பே, அடக்கம் முடிந்த அன்று, ஒரு பெண் என்னைக் கோயில் வாசலில் நிறுத்தியிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒரு கார்தெரியில், குழந்தைகள் காப்பகத்தில், சமையல் வேலை செய்பவர். எங்கள் ஊர்தான்.

"தங்கச்சி, மலரில வம்சம் போடுவியள்தானே. எங்கட அப்பாவின்ர பேரையும் ஒரு ஓரத்தில போட்டுவிடுங்கோ. ரெண்டு பேரும் ஒரு தேப்பன்ர பிள்ளையள். அவர் சாகுமட்டும் உங்கட அப்பாவை அண்ணை அண்ணை எண்டுதான் சொன்னவர்."

எனக்கு இது புதிய கதை இல்லை. அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் அப்பா ஒரே பதிலைத்தான் சொல்வார்: "அதுகளின்ர அப்பப்பன் வேற ஆள். பேர் மட்டும்தான் ஒண்டு." பூசையில் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில் அந்தப் பெண் முன்வரிசைக்குத் திரும்பிக் கைகூப்புவார். அப்பா அந்தக் கணம் பார்த்துச் செபப்புத்தகத்தைப் புரட்டுவார். வருடக்கணக்காக இது நடந்தது. அப்பாவுக்குப் பார்வை மங்கல் என்று நான் நினைத்துக்கொண்டேன். நினைக்க வசதியாக இருந்தது.

சமையலறை மேசையில் ஞானஸ்நானம், விவாகம், மரணம் என்று மூன்று குவியல்கள் வைத்தேன். எல்லாம் ஆங்கிலத்தில், யாரோ ஒரு கோயில் எழுத்தரின் சாய்ந்த கையெழுத்தில். அப்பப்பாவின் பெயரில் மட்டும் பதினொரு பதிவுகள். மனைவியின் பெயரை வைத்தும் வயதை வைத்தும் ஒவ்வொருவராகப் பிரித்தேன். கடைசியில் ஒரு விவாகப் பதிவு மட்டும் ஆளில்லாமல் நின்றது. அப்பா சொன்ன அந்த 'வேறு ஆள்' இவராகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அவருக்கு ஞானஸ்நானமும் இல்லை, மரணமும் இல்லை. பிறக்காமல் சாகாமல் கலியாணம் மட்டும் செய்துகொண்ட மனிதர்!

இரண்டு நாள் கழித்து, மங்கிப்போன ஓரக் குறிப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மாப்பிள்ளை தாரமிழந்தவர் என்று எழுதி, இறந்த மனைவியின் பெயரையும் எழுதியிருந்தார்கள். அது என் அப்பம்மாவின் பெயர். அப்பம்மாவின் தகப்பன் பெயரும் சரியாக இருந்தது. இரண்டு ஆட்கள் இல்லை. ஒரே ஆள், இரண்டு கலியாணம்.

அண்ணைக்குப் போன் செய்தேன். அவர் திடுக்கிடுவார் என்று எதிர்பார்த்தேன்.

"தெரியும். அப்பா எனக்குச் சொன்னவர்," என்றார்.

"தெரிஞ்சுமோ?"

"அவை எங்கட ஆக்கள் இல்லை. அப்பப்பா ரெண்டாந்தரம் போய் விழுந்த இடம் அப்பிடி. இப்ப என்ர பெட்டைக்கு இல்-பிசாரில இருக்கிற ஒரு குடும்பத்தில கலியாணம் பேசிக்கொண்டிருக்கிறம். இதுக்குள்ள நீ அதைக் கிளறாதை."

சாதியைச் சொல்லாமல் சொல்லும் 'எங்கட ஆக்கள்' என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு உண்மையாகவே அருவருத்தது. சொந்தச் சகோதரனை உயிரோடு இல்லாமல் ஆக்கிவிட்டு நாள்தோறும் செபமாலை சொன்ன அப்பாவை நினைக்க இன்னும் அருவருப்பாக இருந்தது. சித்தப்பாவின் பெயர் வராவிட்டால் என் பெயரும் வரக்கூடாது என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். அன்று முழுக்க என்னை நானே மெச்சிக்கொண்டு திரிந்தேன்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, மண்டபத்தில் சாப்பாட்டுக்கு முன் மலரைக் கொடுத்தார்கள். வழவழப்பான தாள். வம்சாவழியில் அப்பப்பாவுக்கு ஒரு மனைவி, ஒரு மகன். அடியில் 'தொகுப்பு: மகள்' என்று போட்டிருந்தது.

அந்தப் பெண் வெள்ளைச் சேலையில் வந்திருந்தார். இறந்தவரின் உரித்துக்காரர் உடுத்துவதுபோல் அந்த மாதம் முழுவதும் கோயிலுக்கு அப்படித்தான் வந்தார். மலரை விரித்து, விரலால் ஒவ்வொரு பெயராகத் தொட்டுப் பார்த்தார். திரும்ப முதலிலிருந்து பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார். எனக்குப் பக்கத்தில் அண்ணையும் அந்த இல்-பிசார்ச் சம்பந்தி வீட்டாரும் நின்றார்கள்.

"தங்கச்சி, நீங்கள் பதிவுப் புத்தகமெல்லாம் பாத்தனீங்கள் எண்டு சொல்லிச்சினம். எங்கட அப்பா அதில இல்லையோ?"

கைப்பைக்குள் அந்த விவாகப் பதிவின் நகல் இருந்தது. அவரிடம் கொடுக்கத்தான் கொண்டுபோயிருந்தேன். அண்ணை என்னைப் பார்த்தார். சம்பந்தி அம்மா பேச்சை நிறுத்திவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"உங்கட அப்பப்பா வேற ஆள் அக்கா," என்றேன். "பேர் மட்டும்தான் ஒண்டு."

குரல் நடுங்கக்கூட இல்லை. அப்பாவின் பொய் என் வாயில் அவ்வளவு சரளமாக வந்தது.

அவர் சந்தேகப்படவில்லை. படித்த பெண், புத்தகத்தைப் பார்த்துச் சொல்கிறாள் என்று நம்பினார். மலரை மூடி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"அப்ப நாங்கள்தான் பிழையா நினைச்சிருக்கிறம். மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இவ்வளவு நாளும் உரிமை எடுத்துக் கதைச்சுப்போட்டன்."

"பரவாயில்லை," என்று அவரை மன்னித்தேன்.