பென்சில் குச்சியும் கிணற்று உப்பும்

விலை குறைந்த கருவி செய்கிற தொழிலில் பாதி வேலை கம்பிகளை ஈயம் உருக்கி ஒட்டுகிற சாலிடரிங். மீதிப் பாதி, யாராவது கதவைத் தட்டமாட்டார்களா என்று காத்திருப்பது. இதே பிழைப்பில் இருப்பவர்கள் இதைப் படித்துச் சிரிக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன். சுனாமிக்கு அடுத்த வருஷம் மரக்காணத்தில் ஒற்றை அறை எடுத்துத் தங்கியிருந்தேன். கிணறுகளில் கடல் புகுந்திருந்தது. தண்ணீரில் இரண்டு குச்சியை விட்டு, நடுவே ஓடும் மின்சாரத்தைப் பார்த்து உப்பு எவ்வளவு என்று சொல்கிற பெட்டி. யார் வேண்டுமானாலும் கையில் தூக்கிப்போய்த் தாங்களே பார்த்துக்கொள்ளும்படி இருக்க வேண்டும். அதைச் செய்யத்தான் ஒரு தொண்டு நிறுவனத்தார் என்னை அனுப்பியிருந்தார்கள். பேச்சுத்துணைக்கும் அந்தப் பெட்டிதான்.

பென்சில்

அந்தக் குச்சிகளுக்குப் பிளாட்டினக் கம்பி வாங்க நாம் எங்கே போவது? பென்சிலை உடைத்து உள்ளே இருக்கிற கரிக்குச்சியை எடுத்துக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டு கடையில் டப்பா டப்பாவாக வாங்குவேன். "வீட்ல எத்தினி பசங்க?" என்று கடைக்கார அம்மா ஒருநாள் கேட்டேவிட்டார். நான் மட்டும்தான் என்றேன். "அப்ப யாருக்குங்க இவ்ளோ லெட்டர் எழுதுறீங்க?" என்றார்.

சந்தனம்

ஆயுத பூஜையன்று வெளியே போயிருந்தேன். வீட்டுக்காரர் அறையைத் திறந்து பெட்டிக்குப் பொட்டு வைத்திருந்தார். பெட்டியோடு விட்டிருந்தால் பரவாயில்லை, குச்சி முனைகளிலும் சந்தனத்தை அப்பிவிட்டார். பாடுபட்டுச் சரிசெய்த அளவெல்லாம் போச்சு. திட்டலாம் என்றால், ரொம்ப நாளைக்குப் பிறகு என் அறைக்குள் வந்த முதல் மனிதர் அவர்; தட்டில் பொரியும் சுண்டலும் வேறு கொண்டுவந்திருந்தார். முனையில் ஏன் வைத்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். "வேல செய்யறது அதுதானே சார், அதுக்குத்தானே வெக்கணும்?"

பாட்டில்

அதன் பிறகு எனக்குக் கிடைத்த ஒரே நிரந்தர வாடிக்கை செல்வி அக்கா. உப்பளத்து வேலை முடிந்ததும் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவருவார். கிணறு தேறிவிட்டால் குடத்தோடு தண்ணீர் லாரிக்கு நிற்க வேண்டாம். ஒவ்வொரு தடவையும் பெட்டி உப்பு என்றே சொன்னது. அவர் முகம் வாடிவிடும். நான் டீ போடுவேன். குடித்துக்கொண்டே பெருமுக்கல் ஊரிலிருக்கிற மாமியாரைத் திட்டித் தீர்ப்பார். எனக்கு வாய்த்த பேச்சு அவ்வளவுதான், அதற்காகவே டீத்தூள் வாங்கி வைத்திருந்தேன்.

மழை நன்றாகப் பெய்து ஓய்ந்தும் உப்பு இறங்காதது என்னை உறுத்தியது. ஒருநாள்தான் கவனித்தேன்: அடியில் தங்கியது கலக்கட்டும் என்று, பாட்டில் வாயை உள்ளங்கையால் பொத்தி நாலு குலுக்குக் குலுக்கிவிட்டுத்தான் என்னிடம் நீட்டினார். ரேகையெல்லாம் உப்பளத்து உப்பு வெள்ளையாகப் படிந்திருந்த கை அது. சொல்லாமல் இருந்தால் நாளைக்கும் வருவார் என்று ஒரு நொடி நினைத்தேன். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரோடு கிணற்றடிக்கே போனேன். குடிக்கிற அளவுக்கு உப்பு இறங்கியிருந்தது. பெட்டியை அங்கேயே கொடுத்து, எப்படிப் பார்ப்பது என்றும் காட்டினேன். அக்கா முகமெல்லாம் சிரிப்பு. "நல்லதாப் போச்சு தம்பி, இனிமே ஒங்கள வந்து தொந்தரவு பண்ண வேணாம்."

யாரும் என்னைத் தேடி வரத் தேவையில்லாத கருவி ஒன்றைத்தான் செய்யச் சொன்னார்கள், நன்றாகவே செய்துவிட்டேன்.