ஹுஸ்னியாவின் மூன்றாம் பருவம்

கிண்ணியாவில் ஹுஸ்னியாவுக்கு "புழு மிஸ்" என்று பெயர். கேலியாக வைத்ததுதான். பட்டின் கூட்டுப்புழுவை உள்ளிருந்தே தின்று, முதுகைக் கிழித்துக்கொண்டு செம்மஞ்சள் குச்சியாய் வெளியே வரும் காளானைத் திருகோணமலை டவுனில் ஓர் ஆய்வுகூடத்தில் வளர்ப்பவளை ஊர் வேறு எப்படிக் கூப்பிடும்? அது மருந்துக் காளான். உடம்புக்குச் சத்து என்று காசைக் கொட்டி வாங்கச் சனம் இருக்கிறது. ஹுஸ்னியாவுக்கு அந்த வியாபாரம் தேவையில்லை. அவளுக்கு வேண்டியது மேற்பட்டம்.

வெள்ளை இழையாகக் கிடக்கும்போதும், மொட்டு விடும்போதும், குச்சியாக நிமிரும்போதும் காளானுக்குள் இருப்பவை அதே மரபணுக்கள்தான். ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை. எந்தப் பருவத்தில் எது விழிக்கிறது, எது அடங்குகிறது, மருந்துச் சத்தை உண்டாக்குபவை எப்போது மும்முரமாகின்றன என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அதற்கு ஒவ்வொரு பருவத்திலும் துண்டு வெட்டி, வெட்டிய கையோடு உறைய வைக்க வேண்டும். குச்சி முற்றி வித்துத்தூள் கொட்டத் தொடங்கினால் அந்தப் பருவம் போனது போனதுதான்.

முதல் இரண்டு பருவமும் குளிர்பெட்டியில் பத்திரமாக இருந்தன. மூன்றாவது மட்டும் பாக்கி. படிப்புக்கான பதிவை ஏற்கெனவே ஒருமுறை நீட்டிக் கொடுத்திருந்தார்கள். இனி நீட்ட மாட்டோம் என்று முகத்துக்கு நேரே சொல்லியும் விட்டார்கள். இன்னொரு தடவை முதலிலிருந்து வளர்த்தெடுக்க நாள் மிச்சமில்லை.

ஆய்வுகூடத்தில் அவளுக்கு உதவியாள் பேணாட். பொறுப்பான மனுசன். ஒரேயொருமுறை அவசரப்பட்டு மொட்டை முன்னாலேயே வெட்டிவிட்டான். அன்றைக்கு ஹுஸ்னியா போட்ட சத்தத்துக்குப் பிறகு, அவள் வாயால் சொல்லாமல் பேணாட் கத்தியைத் தொட்டதேயில்லை.

குச்சிகள் தலைகாட்டத் தொடங்கிய வாரத்தில் அவள் புருசன் ஜவ்பர் மௌத்தானான். மீன் ஏலம் கூறிக்கொண்டு நின்றவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டான். "நீ படி, மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறன்" என்று சொல்லிக்கொண்டிருந்தவன். ஹுஸ்னியா வெள்ளை உடுத்து இத்தா இருக்கத் தொடங்கினாள். புருசனை இழந்தவள் தவணை முடியும்வரை வீட்டோடு இருக்க வேண்டும். ஜவ்பருக்கு மூத்தவள், அவனுடைய ராத்தா மைமூனா மதினி வந்து வீட்டைக் கையிலெடுத்தாள். சமையல், வந்தவர்களுக்குத் தேத்தண்ணி, எல்லாம் அவள்தான். ஹுஸ்னியாவின் போனும் அவளிடம்தான் இருந்தது.

அழுதழுது ஓய்ந்தபோது ஹுஸ்னியாவுக்குக் காளான் ஞாபகம் வந்தது. வந்ததற்காகத் தன்மேலேயே வெறுப்பும் வந்தது. மையத்து எடுத்த வீட்டில் உட்கார்ந்து புழுவைப் பற்றிக் கேட்க எவளுக்கு வாய் வரும்? பேணாட் எப்படியும் கோல் எடுப்பான், போனிலேயே காட்டச் சொல்லிப் பார்த்து, வெட்டச் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தாள். மதினி போனைக் கொண்டுவந்து நீட்டவேயில்லை.

கோல் வந்ததாகத் தெரியவில்லை. பேணாட்டின் பெண்சாதி எல்சிதான் வந்தாள். துக்கம் விசாரித்தாள், கையைப் பிடித்துக்கொண்டு கூட அழுதாள். பிறகு பையிலிருந்து ஒரு கண்ணாடிப் போத்தலை எடுத்தாள். உள்ளே செம்மஞ்சள் குச்சிகள், சருகாகக் காய்ந்து கிடந்தன.

"உங்கட காளான்தான் மிஸ். முத்திப்போச்சாம். வீணாப் போகக் கூடாதெண்டு இவர் காய வைச்சவர். இந்த நேரத்தில உங்களுக்குப் பெலம் வேணுமெண்டு தந்துவிட்டவர்."

ஹுஸ்னியா போத்தலைத் திருப்பினாள். அடியில் வித்துத்தூள் படிந்திருந்தது.

"முத்த முந்தி எனக்கொரு கோல் எடுக்கேலாமப் போச்சா?"

"ஐயோ, எடுத்தவர் மிஸ். மூண்டு நாலுதரம் எடுத்தவர். இத்தாவில இருக்கிறவ ஆம்பிளையளோட கதைக்க ஏலாதெண்டு மைமூனா அக்கா சொன்னவ. அதுக்குப் பிறகும் எடுத்தா மரியாதையில்லையெண்டு விட்டிட்டார். தானா வெட்டவும் அவருக்குப் பயம்."

தேவையான காரியத்துக்குக் கதைப்பதை எந்த இத்தாவும் தடுத்ததில்லை. அது ஹுஸ்னியாவுக்குத் தெரியும். அது சரிதானா என்று மதினியிடம் யாரும் கேட்கவில்லை, மதினியும் யாரையும் கேட்கவில்லை. அடுத்தவர் மார்க்கத்துக்கு மரியாதை கொடுத்த பேணாட்டை ஏசவும் முடியாது, தம்பி பெண்சாதியைப் பேணிக் காத்த மதினியை ஏசவும் முடியாது. ஏசுவதற்கு ஒரு ஆளாவது கிடைத்திருந்தால் அவளுக்கு மனம் கொஞ்சம் ஆறியிருக்கும்.

எல்சி போன பிறகு மதினி பாலைக் காய்ச்சி, அதில் இரண்டு குச்சியைப் போட்டுக் கொண்டுவந்தாள்.

"நல்ல சத்தாமே, குடி புள்ள."

"பேணாட் எடுத்ததை ஏன் மதினி சொல்லல்ல?"

"ஒப்பீஸ் ஆள்தானே, என்ன பெரிய விசயம் இருக்கப்போகுதெண்டு நெனச்சன். ஒன்ட பேர்ல ஒரு சொல்லு வந்திடக் கூடாதெண்டுதான் புள்ள." மதினியின் முகம் மாறத் தொடங்கியது. "ஏன், அது திரும்ப மொளைக்காதா?"

"மொளைக்கும் மதினி. புழு இருந்தா எத்தின தரமும் மொளைக்கும். நாந்தான் திரும்பப் படிக்கேலாது."

மதினி நின்ற இடத்திலேயே அழத் தொடங்கினாள். அவளைத் தேற்ற வேறு யாரும் வீட்டில் இல்லாததால், ஹுஸ்னியா அந்தப் பாலை வாங்கிக் குடித்தாள்.