குங்குமத்துக்கு அடியில் இருந்த கீ

பசங்களா, "எல்லாரும் க்ராக் வெர்ஷன்தானேப்பா போடறாங்க?" என்று போன வாரம் கேட்டீர்களே, அதற்குப் பதில் இது. அது நான் பி.யூ.சி. முடித்து, ஆறு மாதக் கோர்ஸ் ஒன்றும் படித்துவிட்டு, மைசூரில் ஓர் அரசு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்க்கும் ஒப்பந்த வேலையில் சேர்ந்த முதல் வருடம்.

காலை பத்தரைக்கு சூப்பரின்டெண்டென்ட் சரோஜா மேடம் கடிதத்தோடு ஓடி வந்தார்.

"பழனி, பெங்களூர்லேருந்து மத்தியானம் ஆபீசர் வர்றார். திருட்டு சாஃப்ட்வேர் இருக்கான்னு பார்ப்பாராம். நம்மது எல்லாம் ஒரிஜினல்தானே?"

நாற்காலியை விட்டு எழுந்தேன்.

"இல்லீங்க மேடம். எட்டு கம்ப்யூட்டர்லயும் ஃபார்மேட் அடிச்சப்ப என் பென்டிரைவ்ல இருந்த க்ராக்கைப் போட்டுட்டனுங்க. பெட்டி பின்னால கம்பெனி ஒட்டின ஸ்டிக்கர்ல லைசென்ஸ் கீ நம்பர் படிக்க முடியலீங்க."

"ஏன்?"

சி.பி.யூ.வைத் திருப்பிக் காட்டினேன். ஸ்டிக்கர் தெரியாமல் சந்தனம், அதன் மேல் குங்குமம். தசராவில் ஆயுத பூஜைக்கு வருடா வருடம் பியூன் மாதப்பன் அண்ணன் வைத்தது.

"பளபளன்னு இருந்துச்சுங்க. அதான் நெத்தின்னு நெனச்சுட்டேன்," என்றார் அண்ணன்.

"நல்லா நெனச்சீங்க! ரிட்டயர் ஆக எட்டு மாசம் இருக்கு, என்னை சஸ்பெண்ட் பண்ணப் போறாங்க!"

ஈரப் பஞ்சோடு மூவரும் தரையில் உட்கார்ந்தோம். மெதுவாகத் துடைக்கத் துடைக்க ஓர் எழுத்து, பிறகு ஓர் எண். "தெரியுதுங்க!" என்று மாதப்பன் அண்ணன் கத்தினார். மேடம் படிக்க, நான் க்ராக்கை எடுத்துவிட்டுக் கீயை அடித்தேன். ஆக்டிவேட் ஆகிவிட்டது! மேடம் கை தட்டினார். ஒன்று, இரண்டு என்று ஏழு பெட்டி. எட்டாவது ஸ்டிக்கரில் ஒன்றுமே இல்லை. அதை மட்டும் சோப்புப் போட்டுத் தேய்த்து எழுத்தையே அழித்திருந்தார் அண்ணன்.

"ஒண்ணுதானுங்களே, துணி போட்டு மூடிரலாங்க."

மேடம் என்னைப் பார்த்தார். வாசலில் ஜீப் சத்தம்.

எட்டாவது பெட்டி முன் ஆபீசர் நின்றார். "ஏன்ரீ, கீ எல்லி?" என்று, கீ எங்கே என்பதைக் கன்னடத்தில் கேட்டார்.

"இதுல கீ இல்லீங்க சார். இது க்ராக். காலைல வரைக்கும் எட்டும் க்ராக்தானுங்க. போட்டது நான். மேடத்துக்கு இன்னிக்குத்தான் தெரியும்," என்றேன்.

அவர் சிவந்து கிடந்த பஞ்சையும் ஏழு திரைகளையும் மாறி மாறிப் பார்த்தார். புது லைசென்ஸ் வரும்வரை அந்த ஒன்றை அணைத்து வைக்கச் சொல்லி, மேடத்திடம் ஒரு விளக்கக் கடிதம் மட்டும் வாங்கிக்கொண்டார். என் பென்டிரைவைக் கவரில் போட்டு ஒட்டிவிட்டார்.

ஒரிஜினல் எங்கள் கண்முன்னேதான் இருந்தது. பத்து நிமிடம் துடைக்கச் சோம்பல்பட்டு நான் திருட்டுக்குப் போயிருக்கிறேன். அன்று கற்றது அதுதான்.

இப்போதெல்லாம் ஆயுத பூஜையில், "பழனி, எங்கீங்க வெக்கட்டும்?" என்று கேட்ட பிறகே மாதப்பன் அண்ணன் பொட்டு வைக்கிறார்.

உங்கள் பென்டிரைவை இன்று சாயங்காலம் என் மேஜையில் வையுங்கள்.