எந்த மேரி?

இன்று மாலையும் நெல்லித்தோப்பில் எங்கள் தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை. குடங்களோடு நின்றவர்கள் தேர்தலைப் பேசத் தொடங்கினார்கள்.

பக்கத்து வீட்டு சவரியம்மா அக்காவுக்குத்தான் பெரிய சங்கடம்.

"மதத்தக் காப்பாத்துறவங்களுக்குப் போடுன்னு மாதா கோயில் பூசையில சாமியார் சொல்றாரு. தண்ணி, வேலை, பள்ளிக்கூடம் எல்லாம் சர்க்காரே தரும்னு இன்னொரு கட்சிக்காரங்க சொல்றாங்க. அவங்களுக்குப் போட்டா பாவம்ங்கிறாரு சாமியார். நான் யாருக்குடி போடுறது?"

"யாரு ஜெயிச்சாலும் குழாய மேரிதானேக்கா பாக்கணும்?" என்றேன். நகரசபை அலுவலகத்துக்குப் பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன பெயர் அது.

விழுப்புரத்திலிருந்து புதிதாக வாழ வந்திருக்கும் அலமேலு அக்கா பதறிவிட்டார்.

"ஐயோ, அவங்க மாதாவப் போயி குழாய் ரிப்பேர் பாக்கச் சொல்றியேடி!"

எல்லோரும் சிரித்தோம். சவரியம்மா அக்காவும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு சொன்னார்:

"கோயில்ல மெழுகுவத்தியும் ஏத்திட்டேன், ஆபீசுல மனுவும் குடுத்துட்டேன். ரெண்டு மேரியும் இன்னும் வாயத் தொறக்கல."

ஒரு பக்கம் பாவம், மறுபக்கம் தாகம். அக்கா யாருக்குப் போடுவாரோ, எனக்குத் தெரியவில்லை.

தோழிகளே, உங்கள் தெருவில் எந்த மேரி முதலில் காது கொடுத்தது?