ஜம்பர் மாற்றிய மத்தியானம்

எங்கள் ஊரில் மத்தியானம் என்பது ஒரு தனி உலகம். சாப்பாட்டு நேரம் வந்ததும் கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கிவிடுவார்கள். நாய்கள் மர நிழலில் கால் நீட்டிக்கொள்ளும். சாயங்காலம் வெயில் தாழும் வரைக்கும் புதுச்சேரியே கண்ணை மூடிக் கிடக்கும். உப்பளத்தில் இருந்த எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அம்மா பாயை விரித்துப் படுத்துவிடுவாள். பழைய துறைமுகப் பக்கமிருந்து வரும் காற்று ஜன்னல் துணியை ஊதுவதும் விடுவதுமாக இருக்கும். எனக்கு எட்டு வயது. தூக்கம் வராது, வந்தது போலவும் இருக்கும். அந்த அரைத் தூக்கத்தில் ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்: டொக், டொக், டொக், அப்புறம் 'கீங்' என்று ஒன்று.

அது என் அத்தை. கூடத்து மூலையில் மாமாவின் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அழுத்துவாள். 'கீங்' என்பது அந்த இயந்திரம் அவளுக்குச் சொல்லும் பதில். தப்பு, இது இல்லை, போய் வா என்று அர்த்தம்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. கன்னியாஸ்திரிகள் நடத்திய தையல் கூடத்தில் எம்பிராய்டரி வேலை. கல்யாணமான கொஞ்ச நாளிலேயே மாமா பிரான்சுக்குப் போய்விட்டார். பாரீசுக்குப் பக்கத்தில் எங்கேயோ வேலை. பேப்பர் ரெடியானதும் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். பேப்பர் ரெடியாகவே இல்லை. நடுவில் ஒரே ஒரு முறை வக்கான்ஸுக்கு வந்தார். லீவு என்று சொன்னால் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு லீவு மாதிரியே இருக்காது, வக்கான்ஸ் என்றுதான் சொல்வார்கள். அந்த வக்கான்ஸ் முடிந்து போனவர் நெஞ்சுவலியில் அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அடக்கமும் அங்கேயே. இங்கே கோயிலில் அவருக்காகப் பூசை வைத்தோம். அப்புறம் மாமாவின் கூட்டாளி ஒருவர் ஊர் திரும்பும்போது தன் சாமான்களோடு கப்பலில் ஏற்றி அந்தக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து கொடுத்தார்.

பெட்டியைப் பிரித்தபோது உள்ளிருந்து வெள்ளைத் தெர்மாகோல் தூள் கொட்டியது. பிரான்சில் பனி பெய்யும் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆகவே இதுதான் பனி என்று முடிவுகட்டி ஒரு கைப்பிடி அள்ளித் தலையணை உறைக்குள் போட்டுக்கொண்டேன். ராத்திரியெல்லாம் காதுக்குள் பனி கறுக்முறுக்கென்றது.

சித்தப்பாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியும். அதாவது, தெரியும் என்று அவரே சொல்லிக்கொள்வார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சென்டரில் கோர்ஸ் படித்துக்கொண்டிருந்தார். பெட்டியிலிருந்து கீபோர்டை எடுத்துப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தார்.

"அக்கா, இத பாரு! Q இருக்கவேண்டிய எடத்துல A-வ மாட்டி வச்சிருக்கானுங்க. M எங்கயோ ஓரத்துல கெடக்குது. மாமாவ எவனோ நல்லா ஏமாத்திட்டான்."

பிரெஞ்சுக்காரன் அத்தனை காலம் ஆண்ட ஊரில், தெருவுக்குத் தெரு பிரெஞ்சுப் பெயர்ப் பலகை தொங்கும் ஊரில், பிரெஞ்சுக் கீபோர்டு வேறு மாதிரி இருக்கும் என்று எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை, போங்கள். சித்தப்பா சென்டரிலிருந்து ஒழுங்கான கீபோர்டு ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். பழையதை அத்தை துடைத்து, ஒரு டவலில் சுற்றி, பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்தாள். "அண்ணி எதையும் தூக்கிப் போட மாட்டாங்க" என்று அம்மா முணுமுணுத்தாள். அத்தை ஓட்டை டப்பாவைக்கூடச் சேர்த்து வைக்கிறவள் என்பதால் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சுவிட்சைப் போட்டோம். கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கட்டம் வந்து பாஸ்வேர்ட் கேட்டது. மாமா ஏதோ ஒரு வார்த்தையைப் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார் என்றார் சித்தப்பா.

அத்தை முதலில் தன் பெயரைத்தான் அடித்தாள். நான் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு நட்சத்திரம் முளைத்தது. கடைசிப் பொத்தானை அழுத்தியதும் 'கீங்'. அவசரத்தில் ஏதோ தப்பாக அடித்திருப்போம் என்று, எழுத்துக்களை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மறுபடி அடித்தாள். 'கீங்'. எழுந்துபோய்ப் பானையில் தண்ணீர் மொண்டு குடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அங்கேயே நின்றாள்.

அம்மாவிடம் அவள் சொன்னது எனக்குக் கேட்டது. "தெனம் காலையில எந்திரிச்சதும் அந்த மனுசன் கை அடிச்ச வார்த்தை. அது யாரு பேருன்னு தெரிஞ்சா போதும் எனக்கு."

யார் பேரு என்று ஏன் கேட்டாள் என்றால், தெருக் குழாயடியில் ஒரு பேச்சு இருந்தது. மாமாவுக்கு அங்கே ஒரு வெள்ளைக்காரி இருக்கிறாளாம், பேப்பர் வராததற்கு அவள்தான் காரணமாம். எனக்குத் தெரிந்த வெள்ளைக்காரி என்றால் பீச் ரோட்டில் தொப்பி போட்டுக்கொண்டு சைக்கிள் ஓட்டுகிறவள், என்னைப் பார்த்தால் சிரிப்பவள். அப்படி ஒருத்தி மாமாவுக்குத் துணைக்கு இருந்தால் நல்லதுதானே, இதற்கு ஏன் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள் என்று நினைத்தேன்.

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் இதே வேலை. மாமாவுடைய அம்மா பெயர், எங்கள் தெருப் பெயர், மாமாவுக்குப் பிடித்த மீன் என்று எதையெதையோ அடித்துப் பார்த்தாள். மூன்று முறை தப்பானால் திரை அப்படியே உறைந்துவிடும். அணைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அத்தை அலுத்துக்கொள்ளவே இல்லை. கொஞ்ச நாள் போனதும் வேறு பெயர்களுக்குப் போனாள். தெரேஸ், கிளேர், லூசி என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே அடிப்பாள். எல்லாம் புனிதைகளின் பெயர்கள். அத்தை கீபோர்டில் பிரார்த்தனை சொல்கிறாள் என்று நினைத்து, ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று நானும் அரைத் தூக்கத்தில் சேர்த்துக்கொள்வேன். ஒருநாள் என் வாயைப் பொத்தினாள். அவள் கை குளிர்ந்திருந்தது.

எனக்கோ மாமா அந்தப் பெட்டிக்குள்ளேயே இருப்பதாக ஓர் எண்ணம். மனிதர்கள் செத்தால் ஒரு வார்த்தையாகச் சுருங்கிவிடுவார்கள், அந்த வார்த்தை எங்கேயாவது ஒளிந்துகொள்ளும், சரியாகக் கூப்பிட்டால் வெளியே வரும். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, நானாகத்தான் கண்டுபிடித்தேன். அத்தை தூங்கியபின் பெட்டியில் காதை வைத்துக் கேட்பேன். கடலோசை மாதிரி ஏதோ கேட்கும்.

சென்டரில் யாரோ சொல்லிக்கொடுத்து, சித்தப்பா ஒரு வழியோடு வந்தார். பெட்டிக்கு உள்ளே இருக்கும் போர்டில் ஜம்பர் என்று ஒரு பொடிச் சாமான் உண்டு. அதை இடம் மாற்றி வைத்தால் பாஸ்வேர்ட் போய்விடும், உள்ளே இருக்கும் படம் கிடம் எல்லாம் அப்படியே இருக்கும்.

"அந்த வார்த்தை என்னன்னு காட்டுமாடா?" என்றாள் அத்தை.

"காட்டாதுக்கா. மறந்துடும்."

"அப்ப வேணாம். தொடாத."

சித்தப்பா கெஞ்சினார், அம்மா எடுத்துச் சொன்னாள், அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அத்தை அசையவில்லை. பிரார்த்தனை மட்டும் நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போனது. அவள் கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்தது. தையல் கூடத்தில் ஒரு மேஜை விரிப்பில் பூவைத் தலைகீழாகப் போட்டுவிட்டு வந்து நின்றாள். அதற்கு மறுநாள், சாப்பிட்டுக் கை கழுவியதும், சித்தப்பாவை அவளே கூப்பிட்டாள்.

"எடுத்துடுறா. எம் பேரு இல்லன்னு ஆயிப்போச்சு. வேற எவ பேருன்னு தெரிஞ்சு நான் என்ன பண்ணப்போறேன்?"

பெட்டியின் மூடியைக் கழற்றியதும் நான் எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு பச்சை ஊர் இருந்தது. கடற்கரைப் பக்கத்துத் தெருக்கள் போல நேர்நேரான கோடுகள். குட்டிக் குட்டித் தொட்டிகள். கோயில் மணி அளவுக்குப் பளபளப்பாக ஒரு வட்ட பேட்டரி. அதற்குச் சற்றுத் தள்ளி ஒரு சிவப்புப் பெட்டி, அதில் வரிசையாக வெள்ளைப் பொடி சுவிட்சுகள், சில மேலே, சில கீழே. அவை ஜன்னல்கள். மேலே இருந்தால் திறந்திருக்கிறது, கீழே இருந்தால் உள்ளே ஆள் தூங்குகிறது. இந்த ஊரிலும் மத்தியானம்தான் போலும்.

சித்தப்பாவுக்குக் கை சும்மா இருக்காது. ஜம்பரைத் தேடுகிறேன் என்று அந்தச் சிவப்புப் பெட்டியின் சுவிட்சுகளை ஒரு ஆணி நுனியால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். போட்டுப் பார்த்தால் காற்றாடி மட்டும் சுற்றியது. திரை செத்துக் கிடந்தது. அத்தை, "மாதாவே, எல்லாத்தையும் தொலைச்சிட்டியாடா!" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். எது மேலே இருந்தது, எது கீழே இருந்தது என்று சித்தப்பாவுக்கு நினைவில்லை. எனக்கு நினைவிருந்தது. முதல் இரண்டு ஜன்னலும் கடைசி ஜன்னலும் தூங்கிக்கொண்டிருந்தன, மற்றவை திறந்திருந்தன. சொன்னேன். அப்படியே வைத்தார். திரைக்கு உயிர் வந்தது. "எம் புள்ளடி நீ" என்று சித்தப்பா என் கன்னத்தைக் கிள்ளியது ரொம்ப நேரம் வலித்தது.

ஜம்பர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருந்தது. மூன்று ஊசிகள் நட்டுக்கொண்டு நின்றன. முதல் இரண்டின் தலையில் அரிசியளவு கறுப்புத் தொப்பி ஒன்று. அதைக் கழற்றி, நடு ஊசிக்கும் கடைசி ஊசிக்கும் போட்டுக் கொஞ்ச நேரம் வைத்திருந்து, பழையபடி மாற்றவேண்டும். அவ்வளவுதான். ஆனால் சித்தப்பாவின் விரல் ஒவ்வொன்றும் வாழைக்காய். தொப்பி பிடிபடவில்லை. அத்தை அவரைத் தள்ளி உட்காரச் சொன்னாள். தையல் பெட்டியிலிருந்து நூல் பிடுங்கும் சின்ன இடுக்கியை எடுத்துவந்தாள். குனிந்தாள். இடுக்கி தொப்பியைத் தொட்டதும் அப்படியே நின்றாள். உதடு மட்டும் அசைந்தது. பிறகு ஒரே இழுப்பு.

வார்த்தை வெளியே பறப்பதைப் பார்க்க நான் கண்ணை இமைக்காமல் காத்திருந்தேன். அந்த நேரம் பார்த்துக் காற்று வீசி ஜன்னல் துணி வெளிப்பக்கமாகப் புடைத்தது. மாமா போயிட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. துறைமுகப் பக்கம் பார்த்து டாட்டா காட்டினேன்.

அதன்பின் இயந்திரம் ஒன்றும் கேட்கவில்லை. நேரே திறந்துகொண்டது. உள்ளே சீட்டு விளையாட்டு ஒன்றும், பனி மூடிய ஒரு பஸ் நிறுத்தத்தின் படங்கள் சிலவும் இருந்தன. வெள்ளைக்காரி இல்லை. அத்தையும் இல்லை. சித்தப்பா கைதட்டினார். அத்தை அழுதாள். பெரியவர்கள் சந்தோஷத்திலும் அழுவார்கள் என்று கேட்டிருந்ததால் நானும் கைதட்டினேன். அதற்குப் பிறகு மத்தியானங்களில் அத்தை கம்ப்யூட்டர் பக்கம் வரவே இல்லை. எங்களோடு பாயில் படுத்துக்கொள்வாள், கண் மட்டும் திறந்திருக்கும். நான் ஆசைதீர சீட்டு விளையாடினேன்.

இப்போது நான் பிரெஞ்சுப் பத்திரங்களை மொழிபெயர்க்கும் ஓர் ஆபீசில் வேலை பார்க்கிறேன். எங்கள் கீபோர்டுகள் எல்லாம் பிரெஞ்சு. போன மாதம் என்னுடையதில் காப்பி கொட்டிப்போய், ஆபீஸ் பையன் ஒரு சாதாரணக் கீபோர்டை மாட்டிவிட்டுப் போனான். காலையில் வந்து போட்டால், ஆரம்பத்திலேயே கேட்கும் பாஸ்வேர்ட் ஏறவில்லை. என் மகள் பெயர்தான், மறக்கிற விஷயமா? மறுபடி மறுபடி அடித்தேன். ரிப்பேருக்கு வந்தவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"நீங்க அத போட்டது பிரெஞ்சு கீபோர்டுல மேடம். தூங்கி எந்திரிக்கறப்ப கம்ப்யூட்டருக்கு எழுத்தெல்லாம் தெரியாது, எந்த எடத்துல தட்டுறீங்கன்னுதான் தெரியும். அதுல A இருந்த எடத்துல இதுல Q இருக்குது. நீங்க சரியாதான் அடிக்கிறீங்க, இதுக்குத்தான் தப்பா கேக்குது."

அத்தை தன் பெயரை அடித்ததும் சித்தப்பா மாட்டிய கீபோர்டில்தானே! இங்கிலீஷில் எழுதினால் அவள் பெயரில் A இல்லாமல் எப்படி? அரை நாள் லீவு சொல்லிவிட்டு நேரே உப்பளம் போனேன்.

மத்தியானம். தெரு தூங்கிக்கொண்டிருந்தது. அத்தை மட்டும் விழித்திருந்தாள். முடியெல்லாம் வெளுத்துவிட்டது, அதே கூடம், அதே ஜன்னல். நான் சொன்னதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

"அப்ப நான் மொதமொதல்ல போட்டது..."

"சரியாவே இருந்திருக்கலாம் அத்தை. தெரியாது. நாமதான் அழிச்சிட்டமே."

அவள் எழுந்தாள். பீரோவைத் திறந்து, துணிகளுக்கு அடியில் கையை விட்டு, அந்த டவல் சுருட்டை எடுத்தாள். இத்தனை வருஷமும் அதே இடத்தில். பிரித்தாள். பொத்தான்களில் சிலவற்றின் எழுத்து மாமாவின் விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்திருந்தது. தூசி இல்லை, அடிக்கடி துடைத்திருக்கிறாள். தூக்கிப் போட மனமில்லாமல் வைத்த சாமான் என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

மடியில் வைத்துக்கொண்டு தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தினாள். டொக், டொக், டொக். எதிலும் செருகாத வயர் தரையில் கிடந்தது. கடைசிப் பொத்தானையும் அழுத்திவிட்டுத் தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன். ஜன்னல் துணி உள்ளே புடைத்து, அடங்கியது.

"பாத்தியாடி," என்றாள் அத்தை. "இல்லன்னு சொல்லல."