சரிநடுவில் ஒரு சிலுவை

பீரோவின் அடித்தட்டில், கல்யாணப் பட்டுக்கும் கீழே, ஒரு டிரேஸ் பேப்பர் மடித்துக் கிடக்கிறது. அதில் ஒரு சிலுவை, அதைச் சுற்றி ஏறும் திராட்சைக் கொடி, கோடு நெடுக ஊசியால் குத்திய துளைகள். மண்ணெண்ணெயில் குழைத்த நீலப் பொடியைப் பஞ்சால் தொட்டு அந்தத் துளைகளின் மேல் தேய்த்தால், கீழே இருக்கும் துணியில் படம் புள்ளி புள்ளியாக இறங்கும். அந்த நீலம் இன்னும் காகிதத்தை விட்டுப் போகவில்லை. நடுவில் ஒரு துளை மட்டும் பெரிதாகக் கிழிந்திருக்கிறது. என் ஓரகத்தி ஒவ்வொரு முறையும் அங்கேதான் குண்டூசியைக் குத்தி, “நடுவுல இருக்குதா, பாத்துச் சொல்லு” என்று கேட்பாள். நான் பார்த்து, இல்லை என்பேன். அந்தக் காகிதத்தைத் தொட்டால் எனக்கு இன்றைக்கும் முதலில் வருவது எரிச்சல்தான். பாசமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஓரகத்தி என்றால் என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. அக்கா என்று கூப்பிடுவேன். எண்பதுகளின் நடுவில் நான் திண்டிவனத்துக்கு மருமகளாக வந்தபோது, அவள் புருஷன் குவைத்தில் இருந்தார். லீவில் வந்த கோட்டக்குப்பத்து நண்பர் ஒருவர் கையில் அவர் ஒரு மெஷினைக் கொடுத்தனுப்பினார். மேசைமேல் வைத்துக் கரண்டில் ஓட்டும் தையல் மெஷின், எம்பிராய்டரியும் போடலாம். கூடவே ஒரு புத்தகம், பாதி இங்கிலீஷ், பாதி அரபி. அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண், பாக்கெட்டின் நட்ட நடுவில் ரோஜா போட்ட சட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஏனென்றால் எங்களுக்கு எதுவும் நடுவில் விழவில்லை. அந்த மெஷினில் ஊசி இருந்த இடத்திலேயே ஏறி இறங்கும். துணியைத் தள்ளும் பல்லை இறக்கிவிட்டு, துணியை வளையத்தில் இறுக்கி, நாம்தான் இரண்டு கையாலும் வளையத்தை நகர்த்தவேண்டும். கையால் பூப்போடும்போது பிடிப்பதற்கு நேர்மாறாக, துணி வளையத்தின் அடியில், மெஷின் தட்டோடு படிந்திருக்கவேண்டும். அதைக் கண்டுபிடிக்கவே எங்களுக்குப் பல நாள் ஆனது. கண்டுபிடித்த பிறகும், வளையத்தின் திருகை முறுக்கும்போது துணி ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். நேராகத் தெரிந்த கொடி, வளையத்தை விட்டு வெளியே வந்ததும் சாய்ந்துகொள்ளும். தலையணை உறையின் மூலைக்கென்று போட்ட ரோஜா பாதி தையலுக்குள் போய்விட்டது. மாமனாரின் கைக்குட்டையில் போட்ட எழுத்து, அவர் எப்படி மடித்தாலும் உள்ளே போய் ஒளிந்துகொண்டது. அவர் பழைய கைக்குட்டையையே எடுத்துக்கொண்டு போனார். அது இன்னும் எரிந்தது.

நான் டேப் வைத்து அளப்பவள். அக்கா கண்ணால் அளப்பவள். அவள் சொன்ன இடமும் தப்பாகப் போகும், நான் சொன்ன இடமும் தப்பாகப் போகும், இதில் மட்டும் நாங்கள் ஒற்றுமை. “அந்தப் பொஸ்தகத்துல இன்னாதான் போட்டுகிறான், படி” என்பாள். துணியின் நடுவைக் குறித்துக்கொள்ளவும் என்று போட்டிருக்கிறது என்பேன். “அதான் குறிச்சிகினு கீறோமே, அப்புறம் இன்னா பேஜாரு” என்று வளையத்தைத் தூக்கிக் கட்டிலில் எறிவாள். அதோடு நின்றதா என்றால், இல்லை. பாதிப் பூவில் கரண்ட் போகும். வந்ததும் கால் பெடலில் அழுத்தம் கூடி ஊசி நாலு தையல் தாண்டி ஓடும். எத்தனை மத்தியானங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பிளேடால் தையலைப் பிரித்திருப்போம், துணி சல்லடையாகும்வரை.

இதற்கு நடுவில்தான் அக்கா அந்த வாக்கைக் கொடுத்தாள். அவள் பிறந்தது விழுப்புரத்துக்கு மேற்கே ஒரு காலனியில். அங்கே கீற்றுக்கொட்டகையாக இருந்த கோயிலை இடித்துச் சுவர் வைத்துக் கட்டியிருந்தார்கள். பிரதிஷ்டைக்கு முந்தி நடந்த சபைக் கூட்டத்துக்கு அக்காவும் போயிருந்தாள். பலிபீடத்து மேசைக்கு விரிப்பு பாண்டிச்சேரியில் வாங்கலாம் என்று போதகர் சொல்ல, இவள் எழுந்து, “எதுக்குங்கய்யா வாங்கணும், நான் போட்டு எடுத்துகினு வர்றேன்” என்று சொல்லிவிட்டாள். வெளிநாட்டு மெஷின் வந்த கதையை ஊரெல்லாம் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தாள். அவள் தம்பி மனைவி பக்கத்தில் இருந்தவளைப் பார்த்துச் சிரித்ததையும் பார்த்துவிட்டு வந்திருந்தாள். இனி அந்தச் சிலுவை நேராக விழவில்லை என்றால் பிறந்த ஊரில் அவளால் தலைகாட்ட முடியாது. அதை அவளே என்னிடம் சொன்னாள்.

மேசையின் அளவை அவள் தம்பி சணலில் முடிச்சுப் போட்டு அனுப்பியிருந்தான். ஒரு சணல் நீளத்துக்கு, ஒன்று அகலத்துக்கு. நாலு பக்கமும் நன்றாகத் தொங்கும்படி விட்டு வெள்ளைத் துணி வெட்டினோம். வெட்டியதும் சணலைச் சுருட்டி ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டோம். துணியை நாலாக மடித்து, நகத்தால் கீறி, மடிப்புகள் சந்திக்கும் இடத்தில் பென்சில் புள்ளி வைத்தோம். படம் பெரிது, வளையம் சிறிது. ஒவ்வொரு பகுதியாக வளையத்தை மாற்றி மாற்றிப் பிடிக்கவேண்டும். மாற்றும்போதெல்லாம் கொடி ஒரு நூல் விலகிப்போகும். இரண்டு துணி பாழாகிப் போயின. மூன்றாவதில் அக்கா வளையத்தைத் திருகுமுன் துணியை வளையத்தோடு சேர்த்து நாலு புறமும் பெருந்தையலால் ஓட்டிக்கொண்டாள். துணி அசையவில்லை. கடைசி இலை முடிந்து, பிரித்து, தண்ணீர் தெளித்துத் தேய்த்து விரித்தோம். “நடுவுல இருக்குதா, பாத்துச் சொல்லு.” எப்படி டேப்பை வைத்தாலும் நடுதான். நாங்கள் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்தோம். மெஷின் வந்ததிலிருந்து அந்த வீட்டில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

பிரதிஷ்டை அன்று விரிப்பைப் போதகர் வாங்கி, ஜெபித்து, மேசைமேல் விரித்தார். நாலு பக்கமும் அழகாகத் தொங்கியது. அதன்மேல் பெரிய வேதாகமத்தை வைத்தார், பக்கத்துக்கு ஒன்றாக மெழுகுவர்த்தித் தண்டும் வைத்தார். சபையார் பாயில் உட்கார்ந்தார்கள். நானும் அக்காவும் முன்வரிசையில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தோம். முன்னால் வெறும் வெள்ளைத் துணி. சிலுவை மேசைமேல், வேதாகமத்துக்கு அடியில், சரிநடுவில் இருந்தது. தரையில் உட்கார்ந்தவர் யாருக்கும் ஒரு இலைகூடத் தெரியவில்லை. தம்பி மனைவி பின்னாலிருந்து குனிந்து, “சிலுவ போட்டுகிறேன்னு சொன்னீங்களே அண்ணி, எங்க?” என்று கேட்டாள். அவள் குத்தலாகக் கேட்டாளோ, தெரியாமல்தான் கேட்டாளோ. முதல் பாட்டுக்கு எல்லாரும் எழுந்தபோது அக்கா முன்னால் போய் விரிப்பின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். கொடியின் ஒரு நுனி விளிம்பில் எட்டிப் பார்த்தது. அதற்குள் பின்பக்கம் மேசைப் பலகை தெரிய, மெழுகுவர்த்தி ஆட, போதகர் மெதுவாக இழுத்துப் பழையபடி விட்டுவிட்டார்.

திரும்பும்போது பஸ் மயிலம் பக்கம் வந்ததும் அவள், “சணலு நம்ம கையிலதான இருந்துச்சு. துணி மேல போட்டுப் பாத்திருந்தா மேச எங்க முடியுதுன்னு தெரிஞ்சிருக்கும். படிச்சவ, நீயாவது சொல்லக்கூடாதா?” என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. பாயில் உட்கார்ந்து வளர்ந்தவள் நீங்கள்தானே, அங்கிருந்து எது தெரியும் என்று உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டுவிட்டேன். இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். அதனால்தான் சண்டை அத்தனை நாள் நீடித்தது. வேறொன்று போட்டுக் கொடுத்துவிட்டு இதை வாங்கி வந்துவிடலாம் என்று நான் சொன்னதற்கும் அவள் ஒப்புக்கொள்ளவில்லை. “கோயிலுக்குக் குடுத்தத திரும்பக் கேப்பாங்களா?” என்றாள். அதன்பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் போய் அந்த வெள்ளைத் துணிக்கு எதிரில் உட்கார்ந்து எழுந்து வந்தாள்.

இப்போது என் மருமகளிடம் கம்ப்யூட்டர் மெஷின் இருக்கிறது. ஊசி எங்கே இறங்கும் என்று துணிமேல் சிவப்பு வெளிச்சம் காட்டுகிறது. வளையத்தை அதுவே நகர்த்துகிறது. கோணலாகப் பிடித்தால் திரையில் திருப்பிக்கொள்ளலாம். எங்கள் காலத்தில் எங்கே போயிருந்தாய் என்று அதை ஒரு அறை விடலாம்போல இருக்கும்.

புருஷன் காலமான பிறகு அக்கா பிறந்த ஊருக்கே போய்விட்டாள். போன வருஷம் அங்கேயே இறந்தும் போனாள். கோயிலில் பெட்டியை வைத்திருந்தார்கள். மேசையில் இப்போது கடையில் வாங்கிய விரிப்பு, முன்பக்கம் சிலுவை தெரியும்படி. மூடிய பெட்டியின்மேல் போர்த்த ஏதாவது வேண்டும் என்றபோது, தலை நரைத்துப்போன அந்தத் தம்பி மனைவி அலமாரியைத் திறந்து பழைய விரிப்பை எடுத்து வந்தாள். “அண்ணி கையால போட்டது. அவங்களுக்கே போத்துங்க” என்றாள். விரித்தார்கள். பெட்டி தாழ இருந்தது, எல்லாரும் சுற்றி நின்று குனிந்து பார்த்தோம். சிலுவையும் கொடியும் ஒரு இலை விடாமல் தெரிந்தன. இத்தனை வருஷத்தில் அந்த ஊர் அதை முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான். பக்கத்தில் இருந்த பெண்கள், எவ்வளவு அழகாகப் போட்டிருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம் வந்தது. இதற்கா அளந்தோம் என்று இருந்தது.

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து அந்தக் காகிதத்தை எடுத்தேன். கிழிந்த நடுத்துளைக்குள் என் விரல் நுனி போயிற்று. நடுவுலதான் இருந்துச்சுக்கா என்று சொன்னேன்.