முத்துப்பாண்டி அளந்த பூமி

முத்துப்பாண்டி இருபத்திரண்டு வருடமாக மதுரையிலிருந்து சென்னைக்கு பஸ் ஓட்டுகிறார். படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றுபோனது. வீடு மதுரையை ஒட்டிய ஒத்தக்கடையில். அந்த வீட்டின் முதல் பட்டதாரி அவர் மகள் பவதாரிணி. இயற்பியல் முடித்துவிட்டு, படித்தது எதற்கென்று தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் சாப்பிடும்போது அவள்தான் சொன்னாள். இரண்டாயிரத்து இருநூறு வருடத்துக்கு முன்னால் எரட்டோஸ்தனிஸ் என்ற கிரேக்கர் பூமியின் சுற்றளவைக் கண்டுபிடித்தார். ஓர் ஊரில் உச்சிவெயில் கிணற்றின் அடிவரை நேராக இறங்கியது. அதே நாளில் வடக்கே இன்னோர் ஊரில் குச்சிக்கு நிழல் விழுந்தது. அந்த நிழலும் இரண்டு ஊருக்கும் இடையிலான தூரமும் அவருக்குப் போதுமானதாக இருந்தன.

"தூரத்தை எப்படித் தாயி அளந்தாங்க?"

"நடந்து அளக்கன்னே ஆள் வச்சிருந்தாங்களாம்ப்பா."

அந்த நடந்த ஆட்களை முத்துப்பாண்டிக்குப் பிடித்துவிட்டது. சித்திரை பிறந்த இரண்டு மூன்று நாளில் மதுரையிலும் உச்சியில் நிழல் மறையும் என்று தெரிந்ததும், தானும் பூமியை அளக்கப்போவதாக டிப்போ முழுக்கச் சொல்லிவிட்டார். கண்டக்டர் மருது, "அண்ணே, பூமியைச் சுத்த டிக்கெட் எம்புட்டு?" என்றான். விடை தப்பினால், ரிட்டையர் ஆகும்வரை அந்தச் சிரிப்பு அவரை விடாது.

குறித்த நாளில் ஒத்தக்கடை மொட்டைமாடியில் மனைவி பாண்டியம்மாள் நிறுத்திய ஒரு மீட்டர் குழாயின் நிழல் பன்னிரண்டே காலுக்குக் காணாமல் போனது. சென்னையில் அவர் நிறுத்திய அதே அளவுக் குழாயின் நிழல் ஐந்தரை சென்டிமீட்டருக்குக் கீழே குறையவில்லை. ஊர் திரும்பியதும் கணக்குப் போட்டார்கள். ஒரு மீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டு, அதன் விளிம்பில் ஐந்தரையை அடுக்கினால் நூற்றுப் பதினான்கு முறை வரும். மதுரை சென்னை தூரத்தைப்போல் நூற்றுப் பதினான்கு மடங்கு பூமியின் சுற்றளவு. தூரம் அவருக்கு மனப்பாடம்: நானூற்று அறுபது கிலோமீட்டர். பெருக்கினால் ஐம்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் வந்தது. புத்தகத்தில் நாற்பதாயிரம் என்றிருந்தது.

தவறு எங்கே என்று பவதாரிணிக்கு உடனே தெரிந்தது. ஆனால் தன் ரோட்டைத் தவிர வேறெதையும் பெருமையாகப் பேசாத மனிதரிடம் ரோடுதான் தப்பு என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். ஸ்டீயரிங் பிடித்த மாதிரி கை மடியில் லேசாகத் திரும்பிக்கொண்டிருந்தது. திருச்சி, பெரம்பலூர், விழுப்புரம்.

"விழுப்புரம் தாண்டுனா காலை வெயில் மூஞ்சியில அடிக்கும் தாயி. வண்டி கிழக்காம திரும்பிருது. உச்சி நிழல் நீளுறதுக்கு வடக்கு மட்டுந்தானே கணக்கு? நான் கிழக்கையும் வளைவையும் சேத்துல்ல ஓட்டிப்புட்டேன்."

அவள் வரைபடத்தை விரித்தாள். வடக்கே போன தூரத்தை மட்டும் நூல் பிடித்து அளந்தார்கள். முந்நூற்று ஐம்பது. பெருக்கி எழுதியது அவர்தான்: முப்பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரம்.

மறுநாள் பவதாரிணி சாப்பாட்டுத் தூக்கோடு டிப்போவுக்குப் போனபோது, அவர் முதலில் தன் தப்பைச் சொல்லிவிட்டு விடைக்கு வந்திருந்தார். யாரும் சிரிக்கவில்லை.

"அந்தக் கிரேக்கருக்கும் இம்புட்டுத்தான் வந்துச்சாண்ணே?" என்று கேட்டான் மருது.

"கிட்டத்தட்ட. ஆனா அவருகிட்ட பஸ்ஸும் இல்ல, இப்படி ஒரு மேப்பும் இல்ல. நமக்கு ரெண்டும் இருந்தே ஒருவாட்டி தப்பிருச்சு."

"இதெல்லாம் யாருண்ணே உங்களுக்குச் சொன்னது?"

முத்துப்பாண்டி வாசல் பக்கம் தாடையை நீட்டினார். "அந்தா நிக்கிது பாரு."

டிப்போவே திரும்பிப் பார்த்தது. பவதாரிணி தூக்கை மறுகைக்கு மாற்றிக்கொண்டு உள்ளே நடந்தாள்.